சைக்கிள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இனிமேல் கட்டவிருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வருஷ அறிக்கை நீளம் என்று சிலர் குறைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர்களில் யாரும் இன்றைக்கு வரவில்லை. ஆகவே இந்த வருஷமும் சுருக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 3 உலக சைக்கிள் தினத்தில் நாகர்கோவிலில் ஊர்வலம் நடந்தது. சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1 அன்று, இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி படத்துக்கு மாலை போட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவச சைக்கிள்களுக்குப் பழுது பார்க்கும் முகாம் ஒன்று நடத்தினோம். செயின் எண்ணெய் எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவாகியது. கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு ஜனவரியில் அங்கே ஒரு சவாரி. கூட்டத்தில் படகு வரிசையையே நெருங்க முடியாததால் கரையிலிருந்து பார்த்துவிட்டுச் சாயா குடித்துத் திரும்பினோம்.

பத்மநாபபுரம் சவாரியைப் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை வாட்ஸ்அப் குழுவில் நான் இருமுறை எழுதியிருந்தேன். ஆனாலும் திங்கட்கிழமைதான் வசதி என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குப் போய் டிலனாய் கல்லறையைப் பார்த்தோம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர், அப்புறம் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர். அந்த வகையில் அன்றைய பொழுது வீணாகவில்லை.

இனி சானல்கரைப் பாதை விஷயம், அதாவது பாசனச் சானலின் கரையைச் சைக்கிள் பாதையாக்கும் திட்டம். இதை என்னுடைய சொந்தத் திட்டம் என்று சிலர் பேசுகிறார்கள். செயற்குழுவில் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட திட்டம் இது. அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்வந்த அனுபவத்தைப் படங்களோடு விளக்கினார். பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து வாஷிங்டன் வரைக்கும் மோட்டார் வண்டியே நுழையாத சைக்கிள் பாதை இருக்கிறது. முதல் பாதி ‘கிரேட் அலிகேனி பாசேஜ்’: 150 மைல், ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கல்பொடி பரப்பியது. ஒஹையோபைல் என்ற இடத்தில் ஆறு மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிற பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. கம்பர்லாண்ட் என்ற ஊரில் அது முடிய, அங்கிருந்தே செசபீக் அண்ட் ஒஹையோ (சி அண்ட் ஓ) என்ற பழைய படகுக் கால்வாயின் கரை தொடங்குகிறது. அது 184.5 மைல். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 540 கிலோமீட்டர். ஒரு டாரஸ் லாரிகூட எதிரே வராது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. அன்றைக்கு மார்த்தாண்டத்திலிருந்து சைக்கிளில் வந்த தம்பியாகத்தான் இருக்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் ரயில் தடத்தில் ஏற்றம் தெரியாது. கால்வாய் அதைவிடத் தட்டை. அந்தக் கரை ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. குறுக்கே ஓடைகள் வந்த இடங்களில் கல்லால் தொட்டிப்பாலம் கட்டிப் படகையே மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படி மொத்தம் 11 பாலங்கள். அவற்றில் பெரியது மொனாக்கசி ஆற்றுப் பாலம், 7 வளைவு, 1833-ல் முடித்தது. ஆசிரியர் அந்தப் படத்தைப் போட்டதும் எல்லோரும் ஒரே குரலில் “மாத்தூர்!” என்றீர்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-ல் கட்டியது, உயரம் 115 அடி, 28 தூண். பரளியாற்றுக்கு மேலே பட்டணங்கால் சானல் தண்ணீர் போகிறது. நமக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு உண்டு, தொட்டிப்பாலம் உண்டு, கரை உண்டு. பாதை மட்டும்தான் இல்லை.

கல்குளம், விளவங்கோடு பக்கம் சைக்கிள் விட்டவர்களுக்குத் தெரியும். அங்கே ரோடு என்றால் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், மறுபடியும் ஒரு ஏற்றம். சானல் அப்படிப் போக முடியாது. தண்ணீர் தானாக ஓடவேண்டும் என்பதால் குன்றைச் சுற்றி வளைந்து, மெல்லச் சரிந்துகொண்டே வரும். அந்தச் சரிவைக் கணக்குப் போட்டு வெட்டிய இன்ஜினியர்கள் நமக்கான வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறையும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பெருஞ்சாணி 1950-களில் வந்தது. அதற்குக் கீழே புத்தன் அணையிலிருந்து பத்மநாபபுரம் புத்தனார் சானல் புறப்படுகிறது. அந்தச் சானல் கரையைத்தான் நம் முதல் பாதையாகத் தேர்ந்தெடுத்தோம். மலையடிவாரத்தில் தொடங்கி பழைய தலைநகரமான பத்மநாபபுரம் வரைக்கும் வரலாம். ரப்பர், வாழை, தென்னை, நடுவில் குளிக்கும் துறைகள். ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து சானலில் தண்ணீர் வந்த பிறகு போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் போனால் வறண்ட சானலும் பிளாஸ்டிக்கும்தான் மிச்சம்.

கரை முழுக்க இப்போதே ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் கான்கிரீட் போட்டிருக்கிறது, சில இடங்களில் புதர், சில இடங்களில் யார் வீட்டு முற்றம் என்றே தெரியாது. ராத்திரி வண்டியில் வந்து கோழிக்கழிவை மூட்டை மூட்டையாகச் சானலில் தட்டிவிட்டுப் போகிறவர்கள் பெரிய தொல்லை. அதற்கும் சேர்த்துத்தான், கரையைப் பாதையாக்கக் கேட்டு நாம் கொடுத்த மனுவில் ஒரு வழி சொன்னோம்: கரை ரோட்டில் சேரும் இடங்களில் குட்டைக் கல்தூண் நட்டால் சைக்கிளும் ஆளும் போகலாம், லாரியும் காரும் போகாது. அறுப்புக் காலத்தில் வண்டி வரவேண்டுமே என்று விவசாயியான ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. நடுத்தூணைக் கழற்றுகிற மாதிரி வைத்து, சாவியைப் பாசன சங்கத்திடம் கொடுக்கலாம் என்று மனுவைத் திருத்தி எழுதினேன். வருஷம் முழுக்கக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அது.

மனு போன அலுவலகத்தில் முதலில் “மேலே அனுப்பியாச்சு” என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து “எந்த மனு?” என்றார்கள். நகல் நம்மிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை ராத்திரி கட்டைவிரல் காட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை புத்தன் அணையில் நின்று பார்த்தால் என்னையும் பொருளாளரையும் தவிர அநேகமாக ஒரு நாய் மட்டும் இருக்கும். கேட்டால் மழை, பனி, கல்யாணம், காதுகுத்து. அதே ஆட்கள் அன்றைக்கே நெடுஞ்சாலையில் முட்டம் வரைக்கும் பறந்துபோய், சவாரியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் வேகத்தைப் போட்டுக் காட்டியிருப்பார்கள். காரும் கனிமவள லாரியும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. சரி, அவரவர் விருப்பம்.

ஆசிரியர் சொன்ன இன்னொரு சம்பவம். 1954-ல் அமெரிக்காவின் அந்த சி அண்ட் ஓ கால்வாய்க் கரையில் மோட்டார் ரோடு போடலாம் என்று யோசனை வந்தது. வாஷிங்டன் போஸ்ட் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்காரர்களை, முழு தூரமும் தன்னோடு நடந்து பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள் என்று கூப்பிட்டார். கூட்டமாகப் புறப்பட்டதில் கடைசி வரை நடந்து முடித்தவர்கள் 9 பேர். ரோடு வரவில்லை. 1971-ல் அந்தக் கரை தேசியப் பூங்காவாகிவிட்டது. 9 பேர் போதும் என்பதைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் நமக்கு அந்த 9 பேரும் இன்னும் சேரவில்லை.

வரவு செலவு: வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துவந்தன. சிறு பற்றாக்குறை இருந்தது, அதைச் சரிக்கட்டியாகிவிட்டது. முகாம், பேனர், சாயா, புரொஜெக்டர் வாடகை ஆகியவை முக்கியச் செலவுகள். தணிக்கை நடந்துவருகிறது. விவரம் வேண்டுவோர் பொருளாளரை நேரில் காணலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து கியர் சைக்கிள் வாங்கியவர்கள் வருஷச் சந்தாவுக்கு அடுத்த மாசம், அடுத்த மாசம் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

நன்றி சொல்லவேண்டும். கூட்டம் நடத்த இடம் கொடுத்த நூலகத்தாருக்கும், முகாமுக்கு மெக்கானிக்கை அனுப்பிய கடைக்காரருக்கும், படம் காட்டிய ஆசிரியருக்கும், கரையில் எங்களைத் திருடர்கள் என்று நினைத்து விசாரித்து, பிறகு கருப்பட்டிக் காப்பி கொடுத்த அம்மாவுக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை ஏற்ற தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை ஓர் இளைஞர் ஏற்கவேண்டும் என்பது என் விருப்பம். என் முழங்காலும் முன்போல் இல்லை. மனு பாதியில் நிற்பதும், எந்த மேஜையில் நிற்கிறது என்பது எனக்கு மட்டும் தெரிவதும் உண்மைதான். அதற்காக யாரும் என்னை வற்புறுத்த வேண்டாம். பொதுக்குழு ஒருமனதாகக் கேட்டுக்கொண்டால் அப்போது யோசிக்கலாம்.

மனுவின் திருத்திய நகலில் உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். தாள் பின்வரிசையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கையெழுத்தோடு செல்போன் எண்ணையும் எழுதுங்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். சாயாவும் ரசவடையும் அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்