பேராசிரியரின் மொய் நோட்டு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் மானிடவியல் பேராசிரியரின் 16ஆம் நாள் கருமக்கிரியை சென்ற ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் நிறைவுற்றது. அவர் நோயுற்றுப் படுத்தது முதல் அவருடைய சாம்பலைக் கடலில் கரைத்தது வரை எங்களோடு நின்ற அனைவருக்கும், குடும்பத்தார் சார்பிலும் மாணவர்கள் சார்பிலும் நன்றி தெரிவித்து எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் ஏற்றுக்கொண்டேன். ஆனால், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுப்பதையும் வாங்குவதையும் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்த ஒருவருக்காக நன்றி எழுத உட்கார்ந்தால், ஒவ்வொரு வரியையும் அவர் பக்கத்தில் அமர்ந்து சிவப்பு மையால் திருத்துவதுபோலவே தோன்றுகிறது.

அவரிடம் முதலாண்டு படித்த எவரும் அந்தச் செமாய்க் கதையை மறந்திருக்க மாட்டார்கள். மலேசியாவின் பேராக், பகாங் மலைப்பகுதிகளில் வாழும் செமாய்ப் பழங்குடி மக்களிடையே, உணவைப் பகிர்ந்து கொடுத்தவரிடம் நன்றி சொல்வது மரியாதைக் குறைவு என்று 1960களில் அவர்களோடு தங்கியிருந்த ராபர்ட் டென்டன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். நன்றி சொன்னால், கொடுத்ததை மனத்துக்குள் அளந்து பார்த்தோம் என்பது ஒரு பொருள். இவ்வளவு தாராளமாகக் கொடுப்பார் என்று உங்களை நினைக்கவில்லை என்பது இன்னொரு பொருள். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எங்கள் பேராசிரியர் தாப்பாவிலிருந்து மலையேறினார். ஆனாலும் முதல் நாள் இரவு மரவள்ளிக்கிழங்கும் ஆற்று மீனும் இலையில் வந்தபோது, வாய்ப் பழக்கத்தில் மலாயில் மூன்று முறை நன்றி சொல்லிவிட்டார். பரிமாறிய மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகம் மீண்டும் தம் பக்கம் திரும்ப நான்கு நாள்கள் ஆயின என்று, ஆண்டுதோறும் அதே சிரிப்போடு வகுப்பில் சொல்வார். பிறகு எங்களைப் பார்த்து, உங்கள் வீட்டில் சோறு போட்டதற்காக அம்மாவிடம் யாராவது நன்றி சொன்னதுண்டா என்று கேட்பார். ஒரு கையும் உயராது.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கத்தின் மீதும் அவருக்கு அதே அளவு பிரியம் இருந்தது. தமிழ்நாட்டின் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளில் அவர் பல நாள் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒவ்வொருவர் கொடுத்ததும் பெயர், ஊர், தொகை என்று நோட்டில் ஏறும். வாங்கியவர் பின்னொரு நாள் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டியே. பாப்புவா நியூ கினியின் கிரிவினாத் தீவில் சில மாதங்கள் தங்கி, மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை அப்பகுதியில் செய்த களப்பணியால் உலகறிந்த குலா என்னும் பரிமாற்ற முறையையும் அவர் நேரில் கண்டார். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக வலமாகச் சுற்றும், வெண்சங்குக் கைவளைகள் இடமாகச் சுற்றும், எதுவும் ஒருவரிடம் நிலையாகத் தங்காது. கிரிவினாவில் கடல் வழியாக நடப்பதை வடகாட்டில் நோட்டு வழியாக நடத்துகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு என்பது அவர் கருத்து. அது கொஞ்சம் மிகைப்படுத்தல் என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. அதை அவரிடமே சொல்லித் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

செமாய் மூதாட்டி, வடகாட்டு மொய் என்னும் இவ்விரண்டுக்கும் நடுவேதான் அவர் வாழ்ந்தார். களத்தில் அவரிடம் எப்போதும் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று எல்லா ஆய்வாளரிடமும் இருப்பது. மற்றொன்று கடைத்தெருவில் வாங்கிய நீளவாக்கிலான கணக்குப் புத்தகம். தமக்குக் கிடைத்ததையெல்லாம் அதில் எழுதி வைப்பார். கொடுத்தவரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் எழுதாமல் உறங்கவும் மாட்டார். அவர் அறையை ஒழுங்குசெய்தபோது அப்படிப்பட்ட 11 புத்தகங்கள் கிடைத்தன. டர்பனில் ஒரு கரும்புத் தோட்டக் குடும்பம் கொடுத்த போர்வை, மொரீஷியசில் காவடி நாளன்று காலில் முள் குத்தியதைப் பிடுங்கிவிட்ட சிறுவன், ரீயூனியனில் தமிழ் பேசத் தெரியாத தமிழ் வம்சாவளியினர் தீமிதிக்கு முன் தம்மையும் உறவாகச் சேர்த்து உட்காரவைத்த திண்ணை என அனைத்தும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. மொரீஷியஸ் பணத்தாளில் தமிழ் எழுத்து இருப்பதைக் காட்டுவதற்காகவே ஒரு தாளைச் செலவழிக்காமல் பணப்பையில் வைத்திருந்தார். அது இப்போது பேத்தியிடம் இருக்கிறது.

முதல் புத்தகத்தின் முதல் பக்கம் வெளிநாட்டில் தொடங்கவில்லை, நிபோங் திபால் வட்டாரத்தில் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தில் தொடங்குகிறது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்பு, படிப்பதற்காகப் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் தீவுக்கு வந்துபோன நாள்களில், பால்மரம் வெட்டிய அவர் அம்மாவோடு அதே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்த ஐந்து குடும்பங்கள் முறைவைத்து அவருடைய ஃபெரிக் காசைக் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொரு சில்லிக்காசுக்கும் அங்கே கணக்கு இருக்கிறது. தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பிறகு எங்கெங்கோ சிதறிப்போன அந்தக் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, பிள்ளைகளின் படிப்புக்கு அவர் செய்ததைக் குடும்பத்தாரே இப்போதுதான் அறிந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் மூவர் இறுதி ஊர்வலத்தில் பாடை தூக்கினார்கள்.

ஆகவே, ஐயா கடைப்பிடித்த முறைப்படியே, எங்களுக்கு வந்ததை எழுதுகிறேன்.

மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த தாதியருக்கு முதலில் எழுத வேண்டும். நோயாளி தங்களையே பேட்டி காண்பதை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் மாமியாரை எப்படி அழைப்பீர்கள் என்று நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் கேட்டதற்குக் கிளந்தான் தாதி ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பதில் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வீட்டுச் சீன மூதாட்டி 47 நாள்கள் காலைக் கஞ்சி கொண்டுவந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'சாப்பிடு' என்ற ஒரே சொல்தான். பேராசிரியருக்கு அவருடைய ஹொக்கியன் சீன மொழி நன்றாகத் தெரிந்திருந்தும், அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே தெரியாததுபோல் இருந்துகொண்டார். தகன நாளில் பந்தலும் நாற்காலியும் போட்ட கோயில் இளைஞர்கள், மழையில் நனைந்தபடி போக்குவரத்தைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய் அன்பர்கள், வாடகை பேசாமல் வேன் ஓட்டியவர் என இந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொரு பெயரும் நோட்டில் இருக்கிறது.

ஒலிநாடாக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா மரண இரயில் பாதைக்கு இங்குள்ள தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, உயிரோடு திரும்பிய தமிழ்த் தொழிலாளர்களின் பேச்சை அவர் பல ஆண்டுகள் பதிவு செய்தார். அவர்களில் இன்று எவரும் இல்லை. பாதுகாக்கும் என்று நம்பி அவர் ஒப்படைத்த ஓர் இடம், பெட்டிகளைக் கூரை ஒழுகும் கிடங்கில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துச் செல்லுமாறு கடிதம் அனுப்பியது. பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பூஞ்சணம் பிடித்த அந்த நாடாக்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, பழைய ஒலிப்பெட்டி ஒன்றைப் பழுதுபார்த்து, அவற்றைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்த மூன்று முன்னாள் மாணவர்களும் ஒரு வானொலிக் கடைக்காரரும் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்கூட) வாங்கவில்லை. இறப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன், தம் இளமைக் குரல் ஒரு முதியவரிடம் பனியிலும் மழையிலும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதைக் காதில் கருவி மாட்டிக் கேட்டார். கேள்வி சரியில்லை, குறுக்கே பேசியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

செமாய்க் குடும்பத்தைப் பற்றி எழுதாமல் இருந்தால்தான் முறையாகும். மலையிலிருந்து ஏழு பேர் பேருந்து மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். அந்த மூதாட்டியின் பேரனும் அவர்களோடு வந்திருந்தார். கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கைத் துக்க வீட்டு அடுப்பில் தாங்களே வேகவைத்து அனைவருக்கும் பங்கிட்டார்கள். நாங்கள் வாங்கிச் சாப்பிட்டோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஓர் அறிவிப்பு. கருமக்கிரியைக்கு வந்த பாத்திரங்களில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி ஒன்று, மூடியில் பச்சைப் பூ வரைந்தது, உரியவர் தெரியாமல் எங்களிடம் இருக்கிறது. நீல நிற நாற்காலிகள் இரண்டும் இருக்கின்றன. நாற்காலிகளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். தூக்குச்சட்டிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று பேராசிரியரின் துணைவியார் சொல்லியிருப்பதால், அன்று காலை ஏதாவது சமைக்க வேண்டும்.

இங்ஙனம்,
குடும்பத்தார், மாணவர்கள் சார்பில்,
அவருடைய பழைய மாணவி,
பினாங்கு.