ஞாயிறு ஏற்காடு கூட்டம்: வாசனையைப் படமாக்குவது எப்படி?

நண்பர்களே, ஞாயிறு காலை 8 மணிக்கு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்பு கூடி, அங்கிருந்து மலையேறுகிறோம். பேசப்போவது பேட்ரிக் சூஸ்கின்ட் 1985இல் எழுதிய 'பெர்ஃப்யூம்' (நறுமணத்துக்காகக் கொலை செய்பவனின் கதை) நாவலும், அதிலிருந்து வந்த படமும், டிவி தொடரும்.

நாவலில் பாரிஸின் நாற்றத்தை ஆசிரியர் வரிவரியாக அடுக்கிவிடுவார். திரையில் மூக்குக்கு வேலையே இல்லையே! டாம் டிக்வரின் 2006 படத்தில் மீன் சந்தைக் காட்சியைக் கவனியுங்கள். சேறு, மீன், குடல் என்று நெருக்கமான ஷாட்டுகள், சடசடவென்று கட். பார்க்கும்போதே மூக்கைப் பொத்தத் தோன்றும். நறுமணம் வரும் இடங்களில் இசை கைகொடுக்கிறது; பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. ஆனாலும் ஜான் ஹர்ட்டின் கதைசொல்லிக் குரல் இல்லாவிட்டால் பல இடங்கள் நிற்காது. அது பலவீனம் என்பது என் கட்சி, சண்டைக்கு வரலாம். நாயகனுக்கோ சொந்த உடல் வாசனையே கிடையாது. இல்லாத வாசனையை எந்த கேமரா காட்டும்?

2018இல் வந்த ஜெர்மன் தொடர் (6 பகுதிகள்) கதையை இன்றைய காலத்துக்கு மாற்றி, கொலை விசாரணையாக்கிவிட்டது. சாமர்த்தியம்தான், ஆனால் நாவலின் ருசி குறைந்துவிட்டது.

அப்புறம், ஆளுக்கு ஒரு பக்கக் காட்சி எழுதி வாருங்கள். காட்சி இதுதான்: கோடை மழைக்குப் பிறகு ஏற்காட்டில் காப்பிப் பூ பூத்திருக்கிறது. வசனமும் பின்னணிக் குரலும் கூடாது, மணம் தெரிய வேண்டும். 'மல்லிகை மாதிரி' என்று எழுதித் தப்பிக்க முடியாது.

படமும் தொடரும் பெரியவர்களுக்கானவை, குழந்தைகளை இந்த முறை கூட்டி வர வேண்டாம். வேனில் இடம் வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.