சிம்ப்சன் பாலைவனம் கிளம்பும் முன்: ரேடியோ வாங்கப் போகும் நம் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஜூலை விடுமுறையில் மெல்பர்னிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள சிம்ப்சன் பாலைவனத்துக்குக் கிளம்பும் எட்டுக் குடும்பங்களுக்கும், ஏற்பாடுகளைத் தலையில் போட்டுக்கொண்டு செய்யும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

வண்டிக்கு ஒன்றாகக் கையடக்க வாக்கி டாக்கி மொத்தமாக வாங்கிவிடலாம் என்று போன கூட்டத்தில் முடிவானதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு வேலை, வர முடியவில்லை. வந்திருந்தால் அது வேண்டாம், வண்டியிலேயே பொருத்தும் ரேடியோதான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இன்னும் பணம் கட்டவில்லை என்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன ஈஸ்டரில் விக்டோரியாவின் டார்கோ பக்கம் மலைப்பாதையில் போனபோது கடைசி வண்டி என்னுடையது. கையில் இருந்தது அதே மாதிரி ஒரு வாக்கி டாக்கி. பல கிலோமீட்டர் கேட்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி வாங்கியது. முதல் வண்டி இரண்டு வளைவு தாண்டியதும் கரகரப்புதான் வந்தது, மூன்றாவது வளைவில் அதுவும் நின்றுபோனது. பாதை பிரியும் இடத்தில் "இடது பக்கம் திரும்புங்கள்" என்று முன்னால் இருந்தவர்கள் நான்கு தடவை சொன்னார்களாம். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நான் நேராகப் போய்விட்டேன். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், போனில் சிக்னல் கிடையாது. மீண்டும் எல்லோரும் ஒன்று சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அது மலை, தண்ணீர் இருந்தது, வேறு வண்டிகளும் வந்துகொண்டிருந்தன. சிம்ப்சனில் மேற்கு ஓரத்து மவுண்ட் டேரை விட்டால் கிழக்கு ஓரத்து ஊரான பேர்ட்ஸ்வில் வரை எரிபொருள் கிடையாது, போன் கிடையாது. நடுவில் இருப்பது 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள்.

"கையடக்கத்திலும் 5 வாட் வருகிறதே, வண்டியில் பொருத்துவதும் 5 வாட்தானே" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாம் பேசும் இந்த வகை ரேடியோவுக்கு யூஎச்எஃப் சிபி என்று பெயர்; கையடக்கமானாலும் வண்டியில் பொருத்துவதானாலும் இங்கே அதற்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 5 வாட். எவ்வளவு விலை கொடுத்தாலும் அதற்கு மேல் சக்தி வாங்க முடியாது. வித்தியாசம் ஏரியலில், அதாவது ஆன்டெனாவில்தான் இருக்கிறது. வாக்கி டாக்கியின் கட்டை ஏரியல், இரும்புக் கூட்டுக்குள், உங்கள் மடியில் இருக்கிறது. பொருத்தும் ரேடியோவின் ஏரியல் வெளியே, வண்டியின் முன்பக்கத் தடுப்புக் கம்பியான புல் பாரின் மேல் நிற்கிறது. இந்த ரேடியோக்களின் 477 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நடுவில் மணல்மேடு வந்தால் தடுத்துவிடும். அதனால் ஏரியல் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு திறந்த இடத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இன்னொன்று, நல்ல ஏரியல் நாம் பேசுவதை மட்டும் தூரம் கொண்டுபோவதில்லை, மறுமுனையில் இருப்பவர் பேசும் மெல்லிய சத்தத்தையும் பிடித்துக் கொடுக்கிறது. அன்று டார்கோவில் எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

கடையில் ஏரியலை டிபிஐ கணக்கில் சொல்வார்கள்; அலையை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு அது. 3, 6, 9 என்று எண் ஏற ஏற நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியல் புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. இருப்பதை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் கணக்கு. 3 டிபிஐ குட்டை ஏரியல் மேலும் கீழும் நன்றாகப் பரப்பும். ஒருவர் மலை உச்சியிலும் ஒருவர் பள்ளத்திலும் இருக்கும்போது அதுதான் கைகொடுக்கும். 9 டிபிஐ நெட்டை ஏரியல் எல்லாவற்றையும் தோசை மாதிரி தட்டையாக விரித்துவிடும். சமவெளியில் வெகுதூரம் போகும், ஆனால் வண்டி மேட்டில் மூக்கை உயர்த்தியதும் அந்தத் தோசை வானத்தைப் பார்க்கும். நமக்கு நூற்றுக்கணக்கான மேடுகள் ஏறி இறங்கும் பயணம். ஆகவே 6 டிபிஐ சுற்றுவட்டத்தில் ஒன்று எடுங்கள் என்பது என் அபிப்பிராயம். கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய வகை கிடைத்தால், அடுத்த வருடம் மலைக்குப் போகும்போது குட்டைக் கம்பியை மாட்டிக்கொள்ளலாம். அடியில் ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள். போகும் வழியில் ஊட்னடாட்டா ஊர்ப் பக்கத்து வரிவரியான மண் சாலையில் ஸ்பிரிங் இல்லாத கம்பிக்கு ஆயுசு குறைவு.

ரேடியோப் பெட்டியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஜிஎம்இ, யூனிடென், ஓரிகாம், ஐகாம் என்று இங்கே எல்லோரும் அறிந்த பெயர்கள் இருக்கின்றன. 80 சேனல், 5 வாட் உள்ள எதுவும் வேலை செய்யும். புது வண்டிகளில் டாஷ்போர்டில் இடம் இருக்காது. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள், திரையும் பொத்தான்களும் மைக்கிலேயே இருக்கும் வகையைக் கேளுங்கள். பெட்டி சீட்டுக்கு அடியில் போய்விடும், பக்கத்தில் இருப்பவர் மைக்கை எடுத்துப் பேசலாம், ஓட்டுபவர் பாதையைப் பார்க்கலாம். மின்சாரத்தை சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுக்காதீர்கள். குலுக்கலில் கழன்றுவிடும், இஞ்சின் இரைச்சலும் ரேடியோவில் சேர்ந்து கேட்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேராக வயர் இழுப்பதுதான் சரி. ஏரியலோடு சேர்த்துச் சில நூறு டாலர் ஆகும். எட்டுக் குடும்பங்களில் சிலருக்கு அது பாரம் என்று எனக்குத் தெரியும். தங்கும் இடச் செலவில் ஒரு இரவைக் குறைத்தாவது இதை வாங்குங்கள் என்று மனதாரக் கேட்கிறேன்.

அப்புறம், ஊரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் வாங்கித் தந்த செட் வீட்டில் இருக்கிறது என்று சிலர் சொன்னீர்கள். அவற்றைக் கொண்டுவர வேண்டாம். அமெரிக்காவின் குடும்ப ரேடியோக்கள் 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை, ஐரோப்பாவில் விற்பவை 446-இல். நம் வண்டிகளோடு அவை பேசாது, இங்கே அந்த அலைவரிசையில் பேசச் சட்டப்படி நமக்கு அனுமதியும் இல்லை. இங்கே விற்கும் சிபி ரேடியோவுக்குத் தனி உரிமமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், கட்டணமும் இல்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வோம்.

இப்போது நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது. நம் பேச்சு பிறருக்குக் கேட்க வேண்டாம் என்று சிடிசிஎஸ்எஸ் டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் ஒரு அடையாள ஒலி) போட்டுக்கொள்ளலாம் என ஒரு யோசனை வந்திருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த டோன் நம் பேச்சை யாரிடமிருந்தும் மறைப்பதில்லை. அந்த டோன் இல்லாத மற்றவர்களின் குரலை நம் காதுக்கு எட்டாமல் செய்வதுதான் அதன் வேலை. பாலைவனத்தில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் எதிரே ஒரு வண்டி ஏறி வரலாம். அந்த வண்டியின் உயரக் கம்பத்தில் பறக்கும் கொடியைப் பார்ப்பதற்கு முன் குரல்தான் வரும். சிம்ப்சனில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பது சேனல் 10. "எட்டு வண்டி, கிழக்கு நோக்கி வருகிறோம்" என்று நாம் அதில் சொல்ல வேண்டும், எதிரே வருபவர் சொல்வதும் எட்டு வண்டியிலும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பாட்டுக்கும் அரட்டைக்கும் வேறொரு சேனல் எடுத்துக்கொள்வோம்; ஸ்கேன் வைத்தால் 10-உம் கூடவே கேட்கும். முதல் வண்டியும் கடைசி வண்டியும் மட்டும் 10-ஐ விட்டு நகரவே கூடாது.

பெரிய சாலையில் சேனல் 40. தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ரோடு டிரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களை இழுக்கும் லாரிகள் வரும். தாண்டும் முன் அந்த ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டால், எதிரே வண்டி வருகிறதா என்று பெரும்பாலும் நல்ல மனதோடு சொல்வார்கள். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும். பிள்ளைகள் விளையாட்டாகக்கூட அதில் பேசக் கூடாது என்பதை இப்போதே சொல்லி வையுங்கள். 22, 23 இரண்டும் தரவுக்கு ஒதுக்கியவை, அவற்றிலும் பேச்சு இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது. யூஎச்எஃப் ரேடியோ நம் வண்டிகளுக்குள்ளும் எதிரே வருபவரோடும் பேசத்தான். நடுப் பாலைவனத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அது பேர்ட்ஸ்வில்லை எட்டாது. இரண்டு சாட்டிலைட் போன் எடுப்பது என்ற முடிவை அப்படியே வைத்திருங்கள். சாட்டிலைட் வழியே மீட்புக் குழுவுக்கு இடத்தைத் தெரிவிக்கும் அவசர பீக்கன் ஒன்றாவது முதல் வண்டியில் இருக்கட்டும்.

குழுவிடம் நான் கேட்பது இதுதான். மொத்தமாக வாங்கும் முடிவை மாற்றி, ஒவ்வொரு வண்டிக்கும் பொருத்தும் ரேடியோ என்று முடிவெடுங்கள். கையடக்கங்கள் இரண்டு போதும், மணலில் சிக்கிய வண்டிக்கு வெளியே நின்று வழிகாட்டுபவரின் கைக்கு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வண்டியும் மெல்பர்னுக்குப் பக்கத்திலுள்ள டூலாங்கி காட்டுக்குப் போவோம். மேடு பள்ளம் இருக்கும் இடம், யாருக்கு யார் கேட்கிறார்கள், எங்கே அறுந்துபோகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். மைக் பிடித்துப் பழகாத அம்மாமாரும் அன்று பேசிப் பார்க்கட்டும்.

பொருத்தத் தெரியாதவர்கள் எந்தச் சனிக்கிழமையானாலும் காலையில் என் வீட்டுக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். டிரில் இருக்கிறது, வயர் அமுக்கும் கருவி இருக்கிறது, ஏரியல் ரேடியோவோடு சரியாக ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டரும் இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு அரை நாள் போதும். சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் கடைசி வண்டிக்காரன்