இருன் ரெயால் யூனியன் வரலாறு: கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

பிரான்ஸ் எல்லையை ஒட்டி, பிதாசோவா ஆற்றங்கரையில் இருக்கிறது இருன். அந்த பாஸ்க் ஊரின் ரெயால் யூனியன் கால்பந்துக் கழகம் இன்று ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடுகிறது. அதன் வரலாற்றைத் தமிழில் தொகுத்து முடித்தாயிற்று. அதில் பிழை குறைந்திருந்தால் அதற்குக் காரணம் நீங்கள்தான்.

முதல் நன்றி, படிநிலைக் கணக்கைச் சரிபார்த்தவர்களுக்கு. ஸ்பானியக் கீழ்ப் பிரிவுகளைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வழுக்கி விழும் இடம் அது. 'தெர்செரா' என்றால் மூன்றாவது. 1977 வரை அது மூன்றாம் படியாகவே இருந்தது. அந்த ஆண்டு 'செகுந்தா பி' (இரண்டாம் பிரிவு பி) இடையில் நுழைந்ததும் தெர்செரா நான்காம் படிக்கு இறங்கியது, பெயர் மட்டும் மாறவில்லை. 2021-இல் மறுபடி கலைத்து அடுக்கினார்கள். இப்போது பிரிமேரா ஃபெதெராசியோன் மூன்றாம் படி, செகுந்தா ஃபெதெராசியோன் நான்காம் படி, தெர்செரா ஃபெதெராசியோன் ஐந்தாம் படி. 'பிரிமேரா' என்பதை அப்படியே தமிழாக்கி 'முதல் பிரிவு' என்று போட்டால், மூன்றாம் படியில் திணறும் அணி பார்சிலோனாவோடு மோதுவதாக ஆகிவிடும். படி எண்ணுக்கு ஒரு பத்தி, அந்தந்தக் காலப் பெயருக்கு இன்னொரு பத்தி என்று அட்டவணையைப் பிரிக்கச் சொன்ன யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. 2009-இல் இரண்டாம் படிக்கு ஏறி, 2010-இல் இறங்கிய வரியை அதில் பாருங்கள், ஒரு குழப்பமும் இல்லை.

கழகம் எத்தனை முறை ஸ்பெயினின் தேசியக் கோப்பையை (கோபா தெல் ரெய்) வென்றது என்ற கணக்கில் சண்டை போட்டவர்களுக்கும் நன்றி. சில பட்டியல்கள் 4 என்கின்றன, சில 3 என்கின்றன. கழகம் பிறந்தது 1915-இல், இருன் ஸ்போர்ட்டிங்கும் ராசிங் தெ இருனும் ஒன்றானபோது. 1913 கோப்பை ராசிங் வென்றது. இறுதியாட்டம் 2-2 என முடிய, மறு ஆட்டத்தில் அத்லெதிக் பில்பாவோவை 1-0 என்று சாய்த்தார்கள். போதாக்குறைக்கு, அதே ஆண்டு எதிர்த்து நின்ற இன்னொரு சங்கம் தனிக் கோப்பை நடத்த, அதை பார்சிலோனா எடுத்தது. ஆகவே 1918, 1924, 1927 ஆகிய மூன்றையும் யூனியன் பெயரிலும், 1913-ஐ முன்னோடிக் கழகத்தின் பெயரிலும் தனி வரியாகப் போட்டிருக்கிறோம். 1918-இல் தோற்ற அணியை 'மாட்ரிட்' என்று மட்டும் திருத்தியவர் பெரிய உபகாரம் செய்தார். அவர்களுக்கு 'ரெயால்' (அரச) பட்டம் கிடைத்ததே 1920-இல்தான். அதேபோல் 1931-இல் குடியரசு வந்ததும் அரச பட்டங்கள் போயின. அந்தக் காலப் பட்டியல்களில் வெறும் 'யூனியன்' என்று இருப்பதும் இதே கழகம்தான், வேறு அணி இல்லை.

பெயர் உச்சரிப்புக்கு உதவியவர்களுக்குத் தனி நன்றி. 1927 கோப்பை இறுதியாட்டத்தில் அரேனாஸ் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலை அடித்தவரின் பெயரை ஸ்பானிய முறையில் ஒருவிதமாகவும் பாஸ்க் முறையில் இன்னொரு விதமாகவும் எழுதுவார்கள். தேடினால் இரண்டு ஆள் போலத் தெரியும். ஸ்பானியத்தில் 'வ' ஒலி கிடையாது, 'ப' தான். அதனால் தமிழில் இரண்டும் 'எச்செபெஸ்தே' என்ற ஒரே எழுத்தில் வந்து சேர்ந்தன. ஆங்கிலம் வழியாக வந்த 'எச்செவெஸ்தே'யைத் துரத்தத்தான் நேரம் பிடித்தது. 1926-இல் திறந்த மைதானத்தின் பெயர் 'ஸ்டேடியம் கால்'. கால்பந்து மைதானத்துக்குக் கால் என்று பெயரா, அச்சுப் பிழையா என்று கேட்டவர்களுக்கு: அது வாசனைப் பொருள் தொழிலில் பேர்போன ஒரு குடும்பத்தின் பெயர். அடிக்குறிப்பு சேர்த்துவிட்டோம்.

இரண்டு 'முதல்' கோல்களைச் சரிபார்த்தவர்களை மறக்க முடியாது. ஸ்பெயின் தேசிய அணியின் முதல் கோல், 1920 ஆகஸ்ட் 28 அன்று டென்மார்க்குக்கு எதிராக யூனியனின் பத்ரிசியோ அரபொலாசா அடித்தது. ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் என்பதால் இடத்தையும் ஆன்ட்வெர்ப் என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். ஆட்டம் நடந்தது பிரஸ்ஸல்ஸில். ஸ்பானிய லீகின் முதல் கோல் 1929 பிப்ரவரி 10 அன்று எஸ்பான்யோலின் பீதுஸ் பிராத்ஸ் அடித்தது. அதை வாங்கியவர் யூனியன் கோல்கீப்பர் அந்தோனியோ எமெரி. பயிற்சியாளர் உனாய் எமெரியின் தாத்தா. அவர் குடும்பமே 2021-இல் கழகத்தை வாங்கியது.

2008 கோப்பை ஆட்டத்தில் ரெயால் மாட்ரிட்டை வெளியேற்றியதை 'வெற்றி' என்று எழுதியிருந்தோம். இருனில் 3-2 ஜெயித்து, மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேவில் 4-3 தோற்று, மொத்தம் 6-6 ஆகி, எதிரணி மண்ணில் அடித்த கோல் 3-க்கு 2 என்ற கணக்கில் முன்னேறியது என்று பிரித்து எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டோம். மூன்றாம் படி அணி அது, நினைவிருக்கட்டும்.

மெய்ப்பு பார்த்தவர்களுக்கும், அட்டவணை கட்டியவர்களுக்கும், ரெனே பெதியின் பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுத வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றவர்களுக்கும் நன்றி. 1917-இல் மாட்ரிட்டுக்குக் கோப்பை வென்று, மறு ஆண்டு அதே மாட்ரிட்டை யூனியன் சட்டையில் தோற்கடித்தவர் அவர். பின்னாளில் யேசா அணை கட்டிய பொறியாளரும் அவரே என்ற வரி, இடமின்மையால் போகவிருந்தது. உங்கள் பேச்சைக் கேட்டு வைத்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்