கோபுரம் வந்தால் சரி, முறைப்பாட்டை எங்கே சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பின் படுவான்கரைக்கும் வாகரைப் பக்கத்துக்கும் இன்னும் தொலைபேசிக் கோபுரங்கள் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடி அலைந்ததை யாரும் மறக்கவில்லை. 2025இல் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் நாட்டுக்கு வந்தது. ஆனால் அந்தக் கட்டணம் வயல் செய்பவருக்கும் வாவியில் வலை வீசுபவருக்கும் கட்டுப்படியாகாது.

என் கவலை வேறு. புதிதாக இணையத்துக்குள் வருபவர்தான் மோசடிக்காரரிடம் லேசாக அகப்படுகிறார். அஸ்வெசும நிவாரணப் பணம் வந்திருக்கிறது, லிங்கை அழுத்துங்கள் என்று தமிழிலேயே செய்தி வருகிறது. வங்கியில் இருந்து பேசுவதாகச் சொல்லி போனுக்கு வரும் ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கத்தைக் கேட்கிறார்கள். அந்த இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! கள்ளனுக்கு வரும் தமிழ் வங்கிக்கு வராதா?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தெற்காசியாவிலேயே முதலில், 2015இல், சேர்ந்தது இலங்கைதான். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது; அது கள்ளனைவிட முகநூலில் எழுதுபவனைப் பிடிக்கத்தான் வசதி என்பது என் அபிப்பிராயம்.

பறிபோன பணத்தை மீட்க வேண்டுமென்றால் அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி தடுத்து நிறுத்த வேண்டும். யாரிடம் சொல்வது என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போதே காசு போய்விடுகிறது. இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி இலக்கம் எங்கள் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பணம் போனவர்களாவது வெளியே சொல்கிறார்கள். படத்தை வெட்டி ஒட்டி மிரட்டப்படும் பெண்பிள்ளைகள் தாயிடமே வாய் திறப்பதில்லை. அவர்களைப் போய், தெரிந்த முகங்கள் நிற்கும் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுது என்றால் நடக்கிற காரியமா? பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சாட்சியாக எந்தப் பதிவை எடுத்து வைப்பது, யாருக்கு அனுப்புவது, படத்தை எப்படி நீக்குவிப்பது என்று அவர்களைப் பயிற்றுவித்து, முறைப்பாட்டை அங்கேயே தமிழில் ஏற்கச் செய்யலாம். வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் திருக்கோவிலிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கட்டும்.

செலவுக்குக் காசில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். போனுக்குப் போடும் ஒவ்வொரு ரீலோட்டிலும் அரசாங்கத்துக்கு வரி கட்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.