பட்டிப்பளை ஆற்றங்கரை வெறுங்காடு அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவைப் பற்றிய தொலைக்காட்சித் தொடருக்கு நேயர்கள் எழுதிய கருத்துகளைச் சென்ற ஞாயிறு முழுப் பக்கமாக வெளியிட்டிருந்தீர்கள். ஒருவர் நடிகரின் மீசையை மெச்சியிருந்தார். ஒருவர் குதிரைச் சவாரிக் காட்சிகளை. கொழும்பிலிருந்து எழுதிய இன்னொருவர் கிழக்கின் கல்லோயா ஆற்றுப் பள்ளத்தாக்கை 'மனித வாடையே இல்லாத காடு' என்று குறிப்பிட்டு, அதை வயலாக்கிய பெருமை முழுவதும் அந்த ஒருவரையே சாரும் என்று முடித்திருந்தார். அந்த வரியைத் தடித்த எழுத்தில் எடுத்து, பக்கத்தின் நடுவே கட்டமும் போட்டிருந்தீர்கள். எழுதியவர் அறியாமல் எழுதியிருக்கலாம். கட்டம் போட்டவர்கள் நீங்கள். கிழக்கின் ஆறுகளையும் குளங்களையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிந்த நீங்களே அத்தனை கடிதங்களில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தீர்களே என்ற எண்ணம் ஒரு வாரமாக என்னை உறங்கவிடவில்லை.

நான் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவைச் சேர்ந்தவள். 32 வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டில் 1911ஆம் ஆண்டு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய காணி உறுதி ஒன்று இருக்கிறது. நாலாக மடித்த மடிப்போரங்கள் கிழிந்துபோனதால் பின்புறத்தில் வெள்ளைச் சீலைத்துண்டு ஒட்டியிருக்கிறோம். மை தேயிலைச் சாயம்போல வெளிறிவிட்டது. அம்மப்பாவின் தகப்பனார் இரண்டு ஏக்கர் வயல் வாங்கிய உறுதி அது. எல்லை சொல்லும் இடத்தில், நான்காவது வரியில், மேற்கே பட்டிப்பளை ஆற்று வாய்க்கால் என்று எழுதியிருக்கிறது. கல்லோயா என்று இன்று எல்லோரும் சொல்லும் ஆற்றுக்கு எங்கள் முன்னோர் சொன்ன பெயர் அதுதான். வாய்க்கால் என்று ஒன்று இருந்தால் அதை வெட்டியவர்கள் இருந்தார்கள், தண்ணீரைப் பங்கிட்டவர்கள் இருந்தார்கள், பங்கு குறைந்தால் வரம்பில் நின்று வாதாடியவர்கள் இருந்தார்கள். அந்த வட்டையில், அதாவது வயற்பரப்பில், அம்மப்பா தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவர். யாருடைய வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவருக்கு மனப்பாடம் என்று அம்மா சொல்வார். 2004இல் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. எல்லைத் தகராறு ஒன்றுக்காகச் சம்மாந்துறையில் சட்டத்தரணியிடம் கொடுத்து வைத்திருந்ததால் இந்த உறுதி மட்டும் பிழைத்தது.

என் குடும்பத்துக் கதை மட்டும் போதாது என்றால் ஊர்க் கதைக்கு வருகிறேன். காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, வீரமுனை என்று இந்தக் கரை முழுவதும் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த பூமி. போடியார், முல்லைக்காரர், வட்டவிதானை என்ற வயற்சொற்களெல்லாம் 1949இல் இங்கினியாகலையில் கல்லோயாவுக்கு அணை கட்ட வந்தவர்கள் கொண்டுவந்தவையா? இறக்காமம் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் 1850களிலேயே ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் திருத்தியிருக்கிறார்கள். ஆளில்லாத காட்டுக்கு வெள்ளைக்காரன் எதற்காகக் குளம் திருத்தினான்? பழைய பௌத்தத் தூபியான தீகவாபி அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது. பழங்காலத்திலும் அங்கே மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அணைக்கு மேலே காடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டிலும் வேடர்கள் இருந்தார்கள். அவர்கள் வேட்டையாடிய நிலமும் தேன் எடுத்த மரங்களும் அந்த அணை தேக்கிய சேனநாயக்க சமுத்திரத்துக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. இரத்துகலைப் பக்கத்தில் அவர்களுடைய சந்ததியினர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களும் மனித வாடைக்குள் சேரமாட்டார்களா?

உங்கள் பத்திரிகை வெளிவந்த மறுநாள், விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நிந்தவூர் ஹாஜியார் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கட்டத்தைச் சுட்டிக்காட்டி, "ரீச்சர், என்னுடைய மூத்தவாப்பா இந்த மண்ணில்தான் உழுதார். அவர் மனிதர் இல்லையா?" என்று கேட்டார். நான் படிப்பித்த வரலாறு எதுவும் அந்த நேரத்தில் வாய்க்கு வரவில்லை.

சேனநாயக்கவின் பெருமையைக் குறைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. 1931இல் விவசாய, காணி அமைச்சராக வந்த நாள் முதல் குளங்களையும் குடியானவர்களையும் பற்றியே நினைத்தவர் என்று வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கினியாகலையில் அணை எழும்பிய பிறகுதான் எங்கள் பக்கத்தில் பல வயல்கள் ஆண்டின் இரண்டாம் விளைச்சலான சிறுபோகத்தைக் கண்டன. என் மாமனார் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார். காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்து 1952 மார்ச் 22இல் அவர் இறந்த செய்தி வந்தபோது இந்தக் கரையிலும் அழுதவர்கள் உண்டு. அவரைப் புகழ வேண்டுமானால் செய்ததைச் சொல்லிப் புகழுங்கள். செய்தது நிறையவே இருக்கிறது. அதற்காக எங்கள் முன்னோரை வரைபடத்திலிருந்து அழிக்கத் தேவையில்லை.

தொடரிலும் இதே பிழைதான். இங்கினியாகலை அணையை நூற்றுக்கணக்கானோர் மண்வெட்டியும் கூடையுமாகக் கட்டுவதாகக் காட்டினார்கள். பின்னால் உருக்கமான இசை. அந்த அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் நிறுவனம், இராட்சத இயந்திரங்களைக் கொண்டு. என் அப்பா 20 வயதில் அங்கே நேரக்கணக்கு எழுதப் போனவர். வேலைக்கு வந்தவர்களின் பெயரை விடியற்காலையில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் எழுதுவாராம். மண்தள்ளும் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது மேசை நடுங்கி எழுத்துக் கோணுமாம். அணை முடிந்த பிறகும் அம்பாறையிலேயே வேலையாக இருந்தார். 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டத்தை ஒட்டி அங்கே கலவரம் வெடித்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். கூட வேலைசெய்த சிங்கள நண்பர் ஒருவர்தான் லொறியில் ஏற்றிவிட்டிருக்கிறார். அந்த நன்றியை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த நகரத்துக்குள் மறுபடி கால் வைக்கவில்லை. குடியேற்றத்தின் பெரும்பங்கு யாருக்குப் போகிறது என்ற கவலை அணை எழும்பும்போதே இங்கே எழுந்துவிட்டது. கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்த அதே 1949இன் டிசம்பரில்தான், இந்தக் குடியேற்றங்களை எதிர்த்த தமிழரசுக் கட்சியும் பிறந்தது. தொடரில் இதைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை.

1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது சேனநாயக்க சகோதரர்கள் சிறையில் இருந்ததை இரண்டு வாரம் காட்டினார்கள். அந்தத் தலைவர்களுக்காக யுத்த காலத்தில் கடல் கடந்து இலண்டன் சென்று வாதாடிய பொன்னம்பலம் இராமநாதன் ஒரு நிமிடம் வந்து போகிறார். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்த காட்சியை ஏன் எடுக்கவில்லை? 1948 பெப்ரவரி 4 கொடியேற்றத்திலிருந்து ஒரே பாட்டில் இங்கினியாகலைக்குத் தாவிவிட்டார்கள். அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை நாடற்றவர்களாக்கியது அந்தப் பாட்டுக்குள் எங்கேயோ கரைந்துவிட்டது. சேனநாயக்கவின் அமைச்சரவையில் இருந்த தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தைப் பின்வரிசையில் உட்காரவைத்து ஒரு சொல்கூடப் பேசவிடவில்லை. வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலைக்கு அடித்தளமிட்டவர் அவர். அந்தக் காகிதத்தில் செய்த கொப்பியில் எழுதிப் படித்த தலைமுறை எங்களுடையது.

திரையின் அடியில் ஓடிய தமிழ் வரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காணி அமைச்சர் என்பது மண் அமைச்சர் என்று வருகிறது. மிகை நீர் வழியும் குளத்து வான் என்பது வானம் ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெயர்களைக்கூட எங்களிடம் கேட்காமல் எழுதியிருக்கிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. ஆனால் சென்ற சிறுபோகத்தில் தண்ணீர் முறை பற்றிய கடிதம் ஒரு காரியாலயத்திலிருந்து எனக்குச் சிங்களத்தில் மட்டும் வந்தது. வாசித்துச் சொல்ல ஆள் தேடிப் பிடித்தபோது கூட்டம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நின்ற பயிருக்கு ஒரு முறைத் தண்ணீர் தவறிப்போனது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முறை தவறுவது என்றால் என்னவென்று நீங்கள் அறிவீர்கள்.

இதைப் பற்றியும் உங்களுக்கு எழுதினேன். பெயர்ப்பலகைப் பிழைகளைப் பற்றியும் எழுதினேன். முதற்கடிதம் பத்திரிகையில் வெளிவரவில்லை. இரண்டாவதை நான்கு வரியாகச் சுருக்கி, பிழையான பலகை எந்தச் சந்தியில் நிற்கிறது என்ற இடத்தையே நீக்கி வெளியிட்டீர்கள். கொழும்பு நேயரின் வரிக்கு மட்டும் கட்டம் கிடைத்திருக்கிறது. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நேயரை மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவுக் கட்டத்துக்குள் இரண்டு வரி போடுங்கள்: கல்லோயாவுக்குப் பட்டிப்பளை ஆறு என்று பெயர் உண்டு, அணை வருமுன்பே அதன் கரையில் வயலும் ஊரும் இருந்தன. அவ்வளவுதான்.

உறுதியின் போட்டோப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். மூலத்தை அனுப்ப மனம் வரவில்லை. எழுத்து மங்கல், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். முழுவதையும் வாசிக்க நேரமில்லையென்றால் நான்காவது வரியை மட்டும் வாசியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
காரைதீவு.