வள்ளியூரில் விழித்தபோது

மக்கா,

நாலு மாசமாக ஒரு வரிகூட எழுதவில்லை, நேரில் வரும்போது திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. நெட்டையன் வீட்டுக்கு காங்கிரீட் போட்டாச்சு, தையில் பால்காய்ப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சென்னையில் வேலை முடித்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்தேன். போனை சார்ஜில் போட்டபடியே தூங்கிவிட்டேன். வள்ளியூரில் கண் விழித்தால் வயர் மட்டும் தொங்குகிறது.

போன் போனால் போகட்டும். அதற்குள் இருந்ததை நினைத்ததும்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. நான் கணக்குப் பார்க்கிற அண்டி ஆபீஸ்களில் (முந்திரிப் பருப்பு ஆலைகளில்) இருந்து பி.எஃப் வேலைக்காக அனுப்பின ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து அப்படியே கேலரியில் கிடந்தது. நூற்று நாற்பது பேர். அண்டிப்பால் பட்டு விரலெல்லாம் கறுத்து, கைரேகை மெஷினில் நாலு தடவை வைத்துப் பார்த்துப் பணம் எடுக்கிற அக்காமார். என்னை நம்பித்தானே கொடுத்தார்கள்?

பக்கத்து பெர்த் அண்ணனிடம் போன் வாங்கி முதலில் சிம்மை முடக்கினேன். போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அங்கே வந்துவிடும், அதுதான் பயம். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, போனில் உள்ளதை அழிக்கலாம் என்று கூகுளுக்குள் போகப் பார்த்தால், சரிபார்க்கும் எண்ணைத் தொலைந்த போனுக்கே அனுப்புகிறது! வீட்டுக்கு வந்து, போன் இல்லாதபோது நுழைய கூகுள் தருகிற பேக்கப் கோடுகளை எப்போதோ அச்செடுத்த தாளைத் தேடி எடுத்துத்தான் நுழைய முடிந்தது. எட்டு இலக்கத்தில் பத்து எண் தருவார்கள், நீயும் எடுத்துவை. அழிக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் அந்தப் போன் நெட்டில் வந்தால்தான் அழியும், இன்னும் வரவில்லை. ரயில்வே போலீஸில் புகார் கொடுத்து, டூப்ளிகேட் சிம் வாங்கி, அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணைப் போட்டு முடக்கியும் ஆச்சு. பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்திருக்க வேண்டும்.

இப்போது உன் கதைக்கு வா. மாசம் இரண்டு தடவை பெங்களூர் போகிறாய், ஆஸ்பத்திரி மெஷின் பார்க்கிற உன் லேப்டாப்பில் எத்தனை பேருடைய ஸ்கேன் கிடக்கும்? பாஸ்வேர்டு இருக்கு என்று சொல்லாதே மக்கா, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பாஸ்வேர்டு கேட்காமலே எல்லாம் திறக்கும். டிஸ்க்கையே பூட்டுகிற விண்டோஸ் வசதி, பிட்லாக்கர் போடு. 48 இலக்க மீட்பு எண் ஒன்று வரும், அதை எழுதி வீட்டு அலமாரியில் வை, லேப்டாப் பையில் வைத்தால் பூட்டோடு சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. சிம்முக்கும் பின் போடு. ஆனால் சிம் கம்பெனி கொடுத்த பழைய பின் எது என்று கேட்டுவிட்டுப் போடு, மூன்று தடவை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். பூட்டின திரையில் மெசேஜ் தெரியாமல் வை. ஸ்டேஷன் வைஃபை வேண்டாம், உன் ஹாட்ஸ்பாட் போதும். ஐஎம்இஐ தெரியாவிட்டால் *#06# அடித்துப் பார், தாளில் குறித்துக்கொள்.

நான் இனிமேல் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற ஆதார் போதும் என்கிற இடத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன். முழுசாக வேண்டியதை வேலை முடிந்த அன்றைக்கே அழித்துவிடணும்.

நேற்று மத்தியானம் ஒரு ஆபீஸுக்குப் போய் அக்காமாரை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம் என்றேன். "பூட்டினா சம்பளம் எப்படி எடுக்க பிள்ளே?" என்று ஒரு அக்கா கேட்டாள். எடுக்கிற நேரத்தில் திறந்து, திரும்பப் பூட்டணும், அதற்கு ஆதாரில் சேர்த்த போன் கையில் இருக்கணும். பாதிப் பேருக்கு அந்த நம்பர் மகனுடையது, அவன் கல்ஃபில். அதற்கு ஒரு வழி தெரிந்தால் எழுது. இன்னும் இரண்டு ஆபீஸ் பாக்கி, நாளைக் காலையில் மார்த்தாண்டம் போகிறேன்.

உன்
மக்கா